பவுடர் தட்டாத முகம்

தலையணை உறையில் அந்தக் கறை எப்படி வந்தது என்று கோமாளிக்குப் புரியவில்லை. உள்ளங்கை அகலத்துக்கு மாநிறத்தில் ஒரு தீற்றல். தேநீராக இருக்குமோ என்று முகர்ந்து பார்த்தார். இல்லை, சவரம் செய்த தாடையின் வாசம், அவருடைய வாசம்தான். உறையைக் கழற்றி மூலையில் போட்டார். சாயங்காலம் மகள் பேத்தியோடு வருகிறாள், துவைத்துக்கொண்டிருக்க நேரமில்லை.

ஒரு காலத்தில் அவர் வேஷத்தோடு பஸ் ஏறினால் கண்டக்டரே சிரித்துக்கொண்டு இடம் பிடித்துத் தருவார். தெருப் பிள்ளைகள் ‘ஜோக்கர் மாமா’ என்று பின்னாலேயே ஓடிவரும். பிறகு எவனோ வேலைவெட்டி இல்லாதவன் கோமாளி முகமூடி மாட்டிக்கொண்டு இருட்டுச் சந்தில் நின்றான். வருவோர் போவோரைப் பயமுறுத்தி, அதைப் படமெடுத்துப் போனில் விட்டான். அதைப் பார்த்து ஊருக்கு ஒருவன் கிளம்பினான். அவ்வளவுதான், இவர் பிழைப்பில் மண் விழுந்தது. அம்மாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். பேத்தியின் பிறந்தநாளுக்கு ஆசை ஆசையாய் வேஷம் போட்டுக்கொண்டு போனபோது, குழந்தை வீறிட்டதில் மூச்சே அடைத்துவிட்டது. நினைவு தெரிந்து அவள் பார்த்த ஒரே தாத்தா அந்த வெள்ளை முகம்தான்.

“உங்க சொந்த முகத்தப் பாக்கட்டும்ப்பா,” என்று மகள் நேற்று போனில் சொன்னாள். “ஆனா இதான் கடைசி. இன்னொரு தரம் குழந்த பயந்துச்சுன்னா கூட்டிட்டு வரவே மாட்டேன்.”

“சத்தியமா எதுவும் பூச மாட்டேம்மா.”

பூச்சு டப்பாக்களை அப்போதே குப்பையில் போட்டுவிட்டார். வேஷம் கலைக்கும் கோல்ட் கிரீமும், பவுடர் நிரப்பிய பழைய காலுறையும் மட்டும் குளியலறையில் மிஞ்சின. பூச்சு பூசியதும் அந்தக் காலுறையால் முகமெங்கும் தட்ட வேண்டும். தட்டினால்தான் பூச்சு பிடிக்கும், இல்லாவிட்டால் தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவர் அதை மறந்ததில்லை.

வீட்டை மறுபடியும் பெருக்கினார். குளிர்பெட்டியின் முனகலும் துடைப்பத்தின் சரசரப்பும் தவிர அந்த வீட்டில் பேச ஆளில்லை. தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனவர் நின்றார். விளிம்பில் மாநிறம். சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தார். அங்கேயும் அதே நிறம், ஈரமாக.

குளியலறைக் கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். தாடைக்குக் கீழே காசளவுக்கு வெள்ளை.

எப்போதோ பூசியதில் எங்கோ ஒட்டியிருந்த மிச்சம் என்று நினைத்தார். கை தானாகப் பழைய வழக்கத்துக்குப் போயிற்று. கிரீமை அள்ளித் தேய்த்தார், துண்டால் அழுத்தித் துடைத்தார். வெள்ளை போகவில்லை. பெரிதாயிற்று. இன்னும் கிரீம். இன்னும் துடைத்தார்.

துண்டைப் பார்த்தார்.

அதில் வெள்ளை இல்லை. மாநிறம். அவர் கன்னத்து மச்சம். நரைத்த மீசையில் பாதி.

கண்ணாடியில் தாடை முழுக்க வழவழவென்று வெள்ளை. வாயை இறுக மூடித்தான் இருந்தார். உதட்டோரச் சிவப்பு மட்டும் காதுவரை ஏறிச் சிரித்தது.

இத்தனை வருஷமும் அந்த வெள்ளை முகத்துக்குத்தான் பவுடர் தட்டினார். இந்தச் சொந்த முகத்துக்கு ஒருநாளும் தட்டவில்லை.

அழைப்பு மணி அடித்தது.

காலுறையை எடுத்தார். நெற்றியில் தட்டினார். மிஞ்சிய கன்னத்தில் தட்டினார். பொத், பொத், பொத். பவுடர் புகைந்தது. பிடித்துக்கொள், பிடித்துக்கொள்.

மறுபடி மணி. திறக்காவிட்டால் இனி வரமாட்டாள். துண்டால் வாயையும் தாடையையும் மூடிக் கட்டிக்கொண்டு, கூடத்து விளக்கை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

“என்னப்பா கட்டு?”

“பல்வலிம்மா.”

மகளின் பின்னால் குழந்தை கண்களை இறுக்கி மூடிக்கொண்டு நின்றிருந்தது. மகள் அதை முன்னால் நகர்த்தினாள். “தொட்டுப் பாரு கண்ணு. பெயின்ட் எல்லாம் இல்ல, வெறும் தோலுதான்.”

“தொட வேணாம்மா...”

“அவளே இப்பதான் தைரியமா வந்திருக்கா. ஏம்ப்பா?”

அவர் மண்டியிட்டார். இரண்டு சின்னக் கைகள் தடவிக்கொண்டு வந்து கன்னங்களில் அமர்ந்தன. வெதுவெதுப்பு. அவர் முகத்தை இன்னொருவர் தொட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. அழுகை பொங்கியது. அழக்கூடாது, கரைந்துவிடும் என்று தெரிந்தும் அழுதார். விலகு என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம். கொஞ்சமே கொஞ்ச நேரம்.

கைகள் நெற்றிவரை ஏறின, புருவத்தைத் தடவின, மெல்ல இறங்கின. குழந்தை சிரித்தது.

“மெத்துமெத்துன்னு இருக்கு. கண்ணத் தொறக்கவா தாத்தா?”

“ஏம்ப்பா இருட்டுல நிக்கிறீங்க?” என்றபடி மகள் சுவிட்சைத் தட்டினாள்.

குழந்தை கண்ணைத் திறந்து முதலில் தன் உள்ளங்கைகளைத்தான் பார்த்தது. இரண்டிலும் மாநிறம். வலது கையில், குறுக்கே, ஒரு முழுப் புருவம்.

பிறகு தலையை நிமிர்த்தியது.