கிட்டாருக்கு வந்த இருமல்

காலாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், சுகிர்தாவின் கிட்டாருக்கு இருமல் வந்துவிட்டது.

சாதாரண இருமல் இல்லை. ஒவ்வொரு முறை கம்பியை மீட்டும்போதும் சுரத்துக்குப் பின்னாலேயே 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம் வந்தது, தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்டதுபோல.

கோயிலில் ஒத்திகைக்கு வந்திருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். டிரம்ஸ் வாசிக்கும் பென்னிதான் கூடுதலாகச் சிரித்தான்.

"இன்னா சுகி, உள்ள மோட்டார் ஓடுதா? தண்ணி வருதா பாரு."

சுகிர்தாவுக்குக் காது சூடானது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, விளைச்சலுக்கு நன்றி சொல்லும் நாள். சிறுவர் பாட்டின் தொடக்கத்தில் பதினாறு தாளத்துக்கு அவள் மட்டும் தனியாகக் கிட்டார் வாசிக்க வேண்டும். அதற்குப் பிறகு கீபோர்டு வரும், டிரம்ஸ் வரும், முப்பது பிள்ளைகளின் குரல் வரும். அப்போது கிட்டார் இருமினாலும் தும்மினாலும் யாருக்கும் கேட்காது. ஆனால் அந்தப் பதினாறு தாளத்துக்குள் ஒளிந்துகொள்ள இடமே இல்லை.

ஜூன் மாதத்திலிருந்து அதற்காகப் பழகியிருக்கிறாள். இடது கை விரல் நுனிகளில் தோல் தடித்துப்போயிருந்தது.

பிள்ளைகளுக்குப் பாட்டுப் பழக்கும் ராபின் அண்ணன் கிட்டாரை வாங்கிக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தார். அது அவருடைய பழைய கிட்டார்தான். புதிது வாங்கியதும் இதை சுகிர்தாவுக்குக் கொடுத்துவிட்டார்.

"உள்ள குப்பை சேந்துக்கினு இருக்கு. எனக்கு இந்த வாரம் பூரா ரெண்டாவது ஷிப்ட்டு. நீயே பண்ணிடு. ஒரு புடி அரிசி உள்ள போட்டு நல்லா குலுக்கு. அப்புறம் கவுத்துடு. அரிசியோட குப்பையும் வந்துடும்."

"வரலன்னா?"

ராபின் அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "வரலன்னா ஆரம்பத்தை கீபோர்டுல வாசிச்சிடலாம். கவலப்படாத."

கவலைப்படாதே என்று யாராவது சொன்னால்தான் சுகிர்தாவுக்குக் கவலையே வரும்.

வீட்டுக்கு வந்ததும் அரிசி டப்பாவைத் திறந்தாள். ஒரு பிடி அரிசியை அள்ளிக்கொண்டு, மற்றொரு கையால் அம்மாவின் போனில் டார்ச்சைப் போட்டுக் கிட்டாரின் வட்டத் துளைக்குள் அடித்துப் பார்த்தாள்.

உள்ளே, ஓரத்தில், களிமண்ணை உருட்டி ஒட்டவைத்ததுபோல் ஏதோ இருந்தது.

"அம்மா, கிட்டாருக்குள்ள யாரோ மண்ணு வெச்சிருக்காங்க."

"தொடாதடி" என்றது ஒரு குரல். அம்மாவின் குரல் இல்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஜெனிபர் அத்தையின் குரல். அத்தை அப்பாவின் தங்கை. தலைப்பிரசவத்துக்காக அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தாள். இது எட்டாம் மாதம்.

"அது குளவிக் கூடு. கலைக்கக் கூடாது."

"உனுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்துக்கினேதான இருந்தேன். நீ பரீட்சைக்குப் படிக்கிறேன்னு ஜன்னல் பக்கத்துல மாட்டிட்டுப் போயிட்ட. அது வாயில மண்ணை உருட்டி எடுத்தாந்து எடுத்தாந்து கட்டிச்சு. ஒரு வாரம். அப்புறம் வேலை முடிஞ்சுதுன்னு பறந்துபோச்சு."

"ஏன் அத்த என்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ தொரத்திடுவியே." அத்தை வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். "குளவி ஊட்டுல கூடு கட்டினா கொழந்த நல்லபடியா பொறக்கும்னு சொல்வாங்க. நீ அரிசியப் போட்டுக் குலுக்கினா அது ஒடஞ்சிடும்."

சுகிர்தா அம்மாவைப் பார்த்தாள். அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"அம்மா, நீயாவது சொல்லேன்."

"இன்னான்னு சொல்றது? மாசமா இருக்கறவ ஆசையா ஒண்ணு சொல்றா. அரிசிய டப்பாவுல போடு, கீழ சிந்தாத."

சாயங்காலம் இரும்பு உருட்டும் ரோலிங் மில் வேலையிலிருந்து வந்த அப்பா முழுக் கதையையும் கேட்டார். "கூட்டோட சேத்து கிட்டார அறுத்துடலாமா? எங்க மில்லுல நல்ல கட்டர் இருக்கு" என்றார். அத்தையும் சிரித்தாள், அம்மாவும் சிரித்தாள். சுகிர்தாவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மாவும் அத்தையும் பரிசோதனைக்காகப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார்கள். அப்பா வேலைக்குப் போய்விட்டார். போனில் வந்த விடுமுறைப் பாடத்தைப் பார்த்து எழுதவேண்டும் என்று சொல்லி சுகிர்தா அம்மாவின் போனை வாங்கி வைத்துக்கொண்டாள்.

வீட்டில் அவளும் கிட்டாரும் மட்டும்.

மேசை மேல் முப்பது சென்டிமீட்டர் இரும்பு ஸ்கேல் இருந்தது. அதைத் துளைக்குள் விட்டு ஒரே ஒரு நெம்பு நெம்பினால் போதும். பிறகு அரிசி. பிறகு ஞாயிற்றுக்கிழமை.

அத்தை கேட்டால் என்ன சொல்வது? 'அதுவா விழுந்துடுச்சு அத்த.'

இதைச் சொல்லிப் பழக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அத்தையின் பவுடர் டப்பாவைத் திறந்து, மூடியில் இருந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்.

"அதுவா விழுந்துடுச்சு அத்த."

கண்ணாடிக்குள் இருந்த முகம் நம்பவில்லை. மறுபடியும் சொன்னாள். இந்த முறை கண்ணாடிக்குள் இருந்தவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. அத்தை என்ன, பென்னிகூட நம்பமாட்டான்.

ஸ்கேலைக் கீழே வைத்தாள். ஸ்கேலை வைத்ததும் மனசுக்குள் இருந்த கனமும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் கிட்டார் அப்படியேதான் இருந்தது.

'சரி, உடைக்க வேணாம். அது எப்படித்தான் சத்தம் போடுதுன்னு பாக்கலாம்.'

கிட்டாரின் தலைப்பக்கத்துத் திருகுகளைத் திருகிக் கம்பிகளைத் தளர்த்தினாள். அவற்றை ஒதுக்கி, பவுடர் டப்பாவின் கண்ணாடியைக் கழற்றி உள்ளே விட்டாள். டார்ச் வெளிச்சத்தில் கூடு நன்றாகத் தெரிந்தது. பக்கத்துப் பலகையில் அழகாக ஒட்டிக்கொண்டிருந்தது. விரல் நுனியால் மெல்லத் தொட்டாள். சிமெண்ட் பூசியதுபோல் இறுகியிருந்தது. கொஞ்சமும் அசையவில்லை.

கிட்டாரின் முதுகில் விரலால் தட்டினாள். 'கிர்ர்.'

கூடு அசையவில்லை. ஆனால் அடிப்பலகையில் ஏதோ குதித்தது.

இன்னொரு தடவை தட்டினாள். மறுபடி குதித்தது. கறுப்புத் தூசிக்கு நடுவில், ஊசித் துண்டுகளைப்போல மெல்லியதாக, மினுக்கென்று.

சுகிர்தாவுக்குப் புரிந்துவிட்டது. ராபின் அண்ணன் புதுக் கம்பி மாட்டும்போதெல்லாம் மிச்சத்தை வெட்டிவிடுவார். வெட்டிய துண்டுகளில் சில உள்ளே விழுந்திருக்கின்றன. இருமியது அவைதான். இரண்டு நாளாக அவள் குளவியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"சாரி" என்று துளைக்குள் சொன்னாள்.

இப்போது அந்தத் துண்டுகளை எடுக்க வேண்டும். அரிசி போட்டுக் குலுக்க முடியாது. கவிழ்த்துத் தட்டவும் பயம். கையை விட்டுத் துழாவினால் அந்த மெல்லிய துண்டுகள் விரலில் சிக்கவில்லை.

ஜன்னலுக்கு வெளியே தெருவோரத்தில் இரண்டு சின்னப் பையன்கள் உட்கார்ந்து மண்ணில் காந்தத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் பிடித்த விளையாட்டு அது. சுற்றிலும் இரும்பு ஆலைகள். காலையில் வாசலைப் பெருக்கினால் மாலையில் மறுபடி கறுப்புத் தூள். காந்தத்தை மண்ணில் இழுத்தால் போதும், கம்பளிப்பூச்சிபோல முடி முளைத்துவிடும்.

சுகிர்தா வெளியே ஓடினாள்.

"டேய், அந்தக் காந்தத்தக் கொஞ்சம் குடுங்கடா. பத்து நிமிஷம்."

"எதுக்கு?"

"மீன் புடிக்கப் போறேன்."

பெரியவன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "எங்க?"

"கிட்டார்ல."

இந்தப் பதிலைக் கேட்ட பிறகு காந்தத்தை மட்டும் கொடுத்து அனுப்ப யாருக்கு மனம் வரும்? இரண்டு பேரும் கூடவே வந்துவிட்டார்கள்.

காந்தம் பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து கழற்றியது. நூலில் கட்டி இறக்கினாள். டக்கென்று கிட்டார்க் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. பிரித்து இறக்கினாள். அடுத்த கம்பியில் ஒட்டிக்கொண்டது. பையன்கள் தரையில் உருண்டு சிரித்தார்கள்.

"சிரிக்கறதுக்கா வந்தீங்க? ஆளுக்கு மூணு கம்பி, இழுத்துப் புடிங்க."

இரண்டு பையன்களும் கம்பிகளை இரண்டு பக்கமும் விலக்கிப் பிடித்தார்கள். காந்தம் மெல்ல உள்ளே இறங்கியது. அடியைத் தொட்டதும் 'டிக்' என்றது. பிறகு இன்னொரு 'டிக்'.

மேலே இழுத்தபோது காந்தத்துக்குக் கறுப்புத் தாடி முளைத்திருந்தது. தாடிக்குள் இரண்டு கம்பித் துண்டுகள்.

"மாட்டிக்கிச்சு" என்றான் சின்னவன், மெதுவாக, நிஜ மீன் ஓடிவிடும்போல.

நான்கு தடவை மீன் பிடித்தார்கள். மொத்தம் ஐந்து துண்டுகள். இரும்பு இல்லாத தூசிக்கு இன்னொரு வழி செய்தாள். ஒரு குச்சியின் நுனியில் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி சுற்றி, கூட்டைத் தொடாமல் அடிப்பலகையில் ஒற்றி ஒற்றி எடுத்தாள். பஞ்சுபோல அழுக்கு வந்தது. காய்ந்த சிலந்தி ஒன்று வந்தது. ராபின் அண்ணனின் சட்டைப் பொத்தான் ஒன்றும் வந்தது. அது எப்படி உள்ளே போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

பையன்கள் காந்தத்தோடு போன கொஞ்ச நேரத்தில் அம்மாவும் அத்தையும் வந்துவிட்டார்கள். அம்மா, "கவரைப்பேட்டையில அரை மணி நேரம் ரயிலை நிறுத்திட்டான், பேஜாராப் போச்சு" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் எடுக்கப் போனாள்.

அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

தளர்ந்து கிடக்கும் கம்பிகள். தரையில் கறுப்புத் தூள். மேசை மேல் ஸ்கேல். அத்தை கட்டிலில் போய் மெதுவாக உட்கார்ந்தாள். அவள் முகம் சின்னதாகிவிட்டதுபோல் இருந்தது.

திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று சுகிர்தாவுக்குத் தோன்றியது. கிட்டாரைத் தூக்கிக்கொண்டுபோய் அத்தையின் பக்கத்தில் வைத்தாள். கண்ணாடியைத் துளைக்குள் பிடித்து டார்ச்சை அடித்தாள்.

"நீயே பாரு அத்த."

அத்தை குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"மூணு அறை இருக்குடி. மூணுமே மூடியிருக்கு. உள்ள குஞ்சுங்க இருக்கும்."

"மூணா? அப்ப உனுக்கு..."

"வாய மூடு" என்று அத்தை அவள் தலையில் செல்லமாகத் தட்டினாள். சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

"குளவி கட்டினாத்தான் கொழந்த நல்லா பொறக்கும்னு நெஜமாவே நெனைக்கிறியா?"

அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தாள். "தெரியல. டாக்டரம்மா எல்லாம் நல்லா இருக்குன்னுதான் சொன்னாங்க. ஆனாலும் பயமா இருக்குடி. பயமா இருந்தா எதையாவது புடிச்சுக்கணும்னு தோணும்ல?"

சுகிர்தாவுக்கு அது தெரியும். ஞாயிற்றுக்கிழமையை நினைக்கும்போதெல்லாம் அவள் பிடித்துக்கொள்ள ஒரு கிட்டார் இருந்தது. அத்தைக்கு ஒரு பிடி மண்.

கம்பிகளை மறுபடி முறுக்கிச் சுருதி சேர்த்து, சனிக்கிழமை முழுவதும் அவள் வாசித்தாள். இருமல் இல்லை. ஆனால் ஒன்று மாறியிருந்தது. உள்ளே மூடிய அறைகள் இருப்பதை நினைத்து அவள் விரல்கள் தாமாகவே மெதுவாக வாசித்தன. வேகமாக அடிக்க மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மேடையில் கரும்பும் பூசணிக்காயும் வாழைத்தாரும் குவிந்திருந்தன. பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ராபின் அண்ணன் மைக்கைக் கிட்டாருக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டு, 'சரியா?' என்று புருவத்தால் கேட்டார். சுகிர்தா தலையசைத்தாள்.

மெல்லத்தான் தொடங்கினாள். பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் என்ன சத்தம் என்று பேச்சை நிறுத்தினார்கள். விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறியை நிறுத்தினார்கள். சுத்தமான, மெல்லிய ஒலி. ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினாறு தாளமும் தண்ணீர்போலப் போயின. பதினேழாவதில் நுழைய வேண்டிய பென்னி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, அரைத் தாளம் தாமதமாக வந்து சேர்ந்தான்.

ஆராதனை முடிந்ததும் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏண்டி அவ்ளோ மெதுவா வாசிச்ச?"

"உள்ள தூங்குறவங்க எழுந்துடக் கூடாதுல்ல அத்த."

"அதுங்க தூங்கட்டும். இது எழுந்துடுச்சு." அத்தை சுகிர்தாவின் கையை இழுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். "நீ ஆரம்பிச்சதுல இருந்து ஒதைச்சுக்கினே இருக்கு."

சுகிர்தா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். தடித்த விரல் நுனிகளுக்குக் கீழே ஓர் உதை. பிறகு இன்னொன்று. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல.

தாளம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. பரவாயில்லை, வெளியே வந்ததும் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.