பி.ஏ. சொன்ன சாட்சி

நீத்துப்பெட்டியிலிருந்து புட்டைக் கொட்டிக் கணவனுக்கென்று ஒரு பங்கு எடுத்த சின்னத்தங்கத்தின் கையை, அவள் அண்ணன் மனைவி பூரணம் பிடித்துக்கொண்டாள்.

"புட்டு உழைக்கிற ஆக்களுக்கு. உங்கடை ஆளுக்குப் பழஞ்சோறு கிடக்கு."

முற்றத்தில் கால் கழுவிக்கொண்டிருந்த தில்லைநாதனுக்கு அது கேட்டிருக்கும்… வந்து பழஞ்சோற்றைத் தின்றுவிட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கத் துலா மிதிக்கப் போனான்.

பி.ஏ. மாப்பிள்ளை என்றுதான் அண்ணன் தம்பிஐயா அவளை அவனுக்குக் கட்டிக்கொடுத்தார். சென்னையில் தத்துவம் படித்துக் கப்பலில் வந்திறங்கியவனுக்கு ஊரே மாலை போட்டது. தத்துவத்துக்கு என்ன உத்தியோகம் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. அரசாங்கக் கந்தோர்களில் அப்படி ஓர் உத்தியோகமே இல்லையென்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில், ஞானஸ்நானம் பெற்றால் வேலை என்றார்கள், மாட்டேன் என்றான். சைவப் பள்ளிக்கூடம் ஒன்றின் மனேச்சர், கடவுள் உண்டென்று பிள்ளைகளுக்கு எப்படி நிரூபிப்பீர் என்று கேட்டார். நிரூபிக்க முடியுமென்று தனக்கு இன்னும் தோன்றவில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். அதன்பிறகு மச்சானின் வீடும் புகையிலைத் தோட்டமுமே கதியாயிற்று. அவனோடு படித்தவர்கள் சட்டம் படித்துக் கறுப்புக் கோட்டுப் போட்டுவிட்டதைக் கூலியாட்களுக்கு முன்னால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் தம்பிஐயா.

அந்த ஆடியில், பக்கத்து வளவு விதவை வள்ளிப்பிள்ளை கீரிமலைக்குத் தீர்த்தமாடப் போன நேரம் பார்த்து, தம்பிஐயா எல்லை வேலியைப் பிடுங்கித் தள்ளி நட்டார். அவளுடைய கிணறு இவர் பக்கம் வந்துவிட்டது. துலாவில் நின்ற தில்லைநாதன் எல்லாவற்றையும் கண்டான். வள்ளிப்பிள்ளை வழக்குப் போட்டாள். படித்த மனிதன் சாட்சி சொன்னால் நீதவான் நம்புவார் என்று தம்பிஐயாவுக்காக வழக்குப் பேசிய பிரக்கிராசியார் சொன்னாராம். மறுநாள் காலை தில்லைநாதனுக்குப் புட்டும் வாழைப்பழமும் வந்தன.

"மச்சான், உம்மடை படிப்பாலை இந்த வீட்டுக்கு இப்பதான் ஒரு பிரயோசனம் வரப்போகுது. வேலி கன வருசமா அதிலைதான் நிக்குதெண்டு சொன்னாப் போதும்," என்றார் தம்பிஐயா.

தில்லைநாதன் புட்டைத் தொடாமல் எழுந்து போனான். சின்னத்தங்கம் குழந்தையை இடுப்பில் வைத்தபடி அவன் பின்னால் ஓடினாள்.

"இவ்வளவு நாளும் எல்லாத்தையும் பொறுத்தனான். ஒரு பொய்… ஒண்டே ஒண்டு… அதுவும் உங்களாலை ஏலாதோ? அந்தப் படிப்பைப் படிச்சு என்னத்தைக் கண்டீங்கள்?"

"பொய்யெண்டு தெரிஞ்சதை மெய்யெண்டு சொல்லாமல் இருக்கப் படிச்சனான், தங்கம். வேறை ஒண்டும் எனக்குத் தெரியாது."

"அப்ப அதைப் பிள்ளைக்குத் தின்னக் குடுங்கோ."

அவன் மறுமொழி சொல்லவில்லை. அந்த மௌனத்தைச் சம்மதமென்று எண்ணி, அவர் சொல்லுவார் என்று அண்ணனிடம் போய்ச் சொன்னாள்.

வழக்கு நாளில் தம்பிஐயா வீட்டார் எல்லோரையும் மல்லாகம் நீதிமன்றுக்குக் கூட்டிப் போனார். தில்லைநாதன் கூண்டில் ஏறி, வேலி எப்போது, யாரால் நகர்ந்தது என்று கண்டபடியே சொன்னான். வள்ளிப்பிள்ளையின் பிரக்கிராசியார் எழுந்து, மாற்றிச் சொல்லும்படி யாராவது கேட்டார்களா என்றார்.

"ஓம். என்ரை மச்சான் கேட்டவர்."

"வேறை ஆர்?"

அவன் கண்கள் கூட்டத்தில் சின்னத்தங்கத்தைத் தேடின. வேண்டாம் என்று அவள் உதடு துடித்தது.

"என்ரை மனுசியும் கேட்டவ."

கூட்டம் சிரித்தது. சின்னத்தங்கம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கட்டிய கணவனே, அத்தனை பேருக்கு நடுவில்…

"ஐயா, இதையும் எழுதவேணும்," அவன் நீதவானின் பக்கம் திரும்பினான். "அவ பொய்க்காரி இல்லை. சோறு போட ஏலாத ஒருத்தனுக்குக் கழுத்தை நீட்டினவ. தமையன் வீட்டிலை நித்தம் பேச்சு வாங்கிக்கொண்டு, தன்ரை சாப்பாட்டை ஒளிச்சு எனக்குத் தந்தவ. அவவைக் கேக்க வைச்ச குற்றம் என்ரை."

சிரிப்பு அடங்கிவிட்டது. தான் பட்டினி கிடந்தது அவனுக்குத் தெரியுமென்பது சின்னத்தங்கத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

கிணறு வள்ளிப்பிள்ளைக்கே என்று தீர்ப்பாயிற்று. கணவனும் மனைவியும் திரும்பி வந்தபோது, முந்தி வந்துவிட்ட தம்பிஐயா அவர்களுடைய பெட்டியை ஒழுங்கையில் எறிந்திருந்தார். தில்லைநாதனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பிறகு தங்கையிடம், "நீயும் பிள்ளையும் இருக்கலாம். உவன் உள்ளுக்கை வரப்படாது," என்றார்.

அவள் குழந்தையைக் கணவன் கையில் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். காதுத் தோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகச் சொன்னாள் பூரணம். சின்னத்தங்கத்தின் தாய் போட்ட தோடு அது; மாமியாரின் நகை மருமகளுக்குத்தானாம். திருகு இறுகிக் கிடந்தது. சின்னத்தங்கம் இழுத்துக் கழற்றியதில் காது கிழிந்து இரத்தம் வந்தது. தோடுகளைப் பூரணத்தின் உள்ளங்கையில் வைத்தாள்.

"அண்ணை, போயிட்டு வாறன்."

"வரத் தேவையில்லை," என்றார் அவர்.

வள்ளிப்பிள்ளை ஓடிவந்து, தன் கொட்டில் வீட்டில் வந்து இருக்கும்படி கும்பிட்டாள். தில்லைநாதன் வாய் திறக்குமுன் சின்னத்தங்கம் சொன்னாள்: "வேண்டாம் அக்கா. சாட்சிக்குக் கூலி வாங்கினதெண்டு சனம் கதைக்கும்."

அவன் அவளைத் திகைத்துப் பார்த்தான். ஒழுங்கை முடிந்து பெருந்தெரு வந்ததும் சால்வை நுனியால் அவள் காதைத் துடைத்தான். தெருவென்றும் பாராமல் அவள் அவன் மார்பில் விழுந்து தேம்பினாள்.

யாழ்ப்பாணப் பட்டணத்தில், குருநகர் ஓரமாக ஓர் அறை கிடைத்தது. லண்டன் பல்கலைக்கழகச் சோதினை எடுக்கும் பெடியளுக்குத் தில்லைநாதன் தர்க்கம் சொல்லிக்கொடுத்தான். முதலில் மகனைக் கூட்டிவந்தவர், தம்பிஐயாவுக்காக வாதாடித் தோற்ற அதே பிரக்கிராசியார்தான். அரை வயிறு முக்கால் வயிறாயிற்று, அதற்குமேல் போகவில்லை.

சில வருசம் கழித்துத் தம்பிஐயாவின் மகளுக்குக் கலியாணம் நடந்தது. ஊருக்கெல்லாம் சொன்னவர்கள் இவளுக்குச் சொல்லவில்லை. அன்று சின்னத்தங்கம் அடுப்பு மூட்டாமல் சுவரோடு சாய்ந்திருந்தாள்.

"அண்ணை எண்டைக்காவது மனம் மாறுவரோ?"

ஆறுதலுக்காக ஓம் என்று சொல்லியிருக்கலாம். "தெரியாது தங்கம்," என்றான் தில்லைநாதன். வாசலில் வந்து நின்ற மாணவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து, அவள் அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்தான்.