நெளியும் மூன்று அம்புகள்

செல்போன் அலறியது.

இன்ஸ்பெக்டர் எடுக்கவில்லை. அவள் சண்டையில் இருந்தாள்.

சண்டை நடந்த இடம் கார் சர்வீஸ் சென்டர். எதிரே டை கட்டிய மேனேஜர். காரணம், அவளுடைய புத்தம் புதிய காரின் டேஷ்போர்டில் எரியும் ஒரு சிவப்பு விளக்கு. வட்டத்துக்குள் ஓர் ஆச்சரியக்குறி! எதைப் பார்த்து அது ஆச்சரியப்படுகிறது என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை. போதாக்குறைக்கு வண்டி வேறு இழுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. சமயத்தில் கருகல் வாடை.

"நாங்க ஓட்டிப் பார்த்தப்ப அந்த லைட்டு எரியலையே மேடம்..."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

அவன் இல்லை என்று பணிவாகத் தலையாட்டினான். ஆனால் முகம் ஆமாம் என்றது. இதே லைட்டுக்காக அவள் இங்கே வருவது மூன்றாவது தடவை. டயர் தேய்ந்ததுதான் மிச்சம்.

அவளிடம் இன்னொரு புகாரும் இருந்தது. முன்னால் போகிற லாரியின் புகை உள்ளே வராமல் இருக்க, ஏ.சி.க்குப் பக்கத்தில் ஒரு பட்டனை அமுக்குகிறாள். ஆரஞ்சு விளக்கு ஜம்மென்று எரிகிறது. ஆனால் புகை மொத்தமும் உள்ளேதான்! கொஞ்ச நேரத்தில் அந்த விளக்கும் தானாக அணைந்துவிடுகிறது. என்ன வண்டி விற்கிறீர்கள் என்று கேட்டாள்.

மேனேஜர் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான்.

"அது பின் கண்ணாடியைச் சூடாக்குற பட்டன் மேடம். கண்ணாடியில ஈரம் படிஞ்சா போகறதுக்கு. கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சிடும், அது அப்படித்தான். வெளிக்காத்தை நிறுத்தணும்னா பக்கத்து பட்டன்."

"ரெண்டுலயும் அம்புதானே போட்டிருக்கு?"

"இதுல மூணு அம்பு நெளிஞ்சிருக்கு மேடம். அதுல கார் படத்துக்குள்ள ஒரே அம்பு, வளைஞ்சிருக்கும்."

அந்த டையைப் பிடித்து வளைத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

போன் மறுபடி அலறியது. இந்தத் தடவை எடுத்தாள். ஏட்டு.

"மேடம், ஒரு பாடி. கார்ல..."

இன்றைக்குக் காரைத் தவிர வேறு எதுவுமே நடக்காதா?

*

மாடி வீடு. கீழே கார் ஷெட். பாதி தூக்கிய ஷட்டருக்குள் அவள் குனிந்து நுழைந்தாள்.

கார்!

அவளுடைய கார் மாதிரியே. அதே கம்பெனி, அதே மாடல். நிறம் மட்டும் வேறு.

டிரைவர் சீட்டைச் சாய்த்துப் போட்டுக்கொண்டு கிடந்தவர் ஓர் அச்சகத்தின் முதலாளி. தூங்குகிறவர் மாதிரிதான் இருந்தார். உசுப்பினால் எழுந்து கோபித்துக்கொள்வார் போல... ஆனால் ராத்திரியே உயிர் போய்விட்டது, புகை விஷம், என்று டாக்டர் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார். சாப்பாட்டில் தூக்க மாத்திரை கலந்திருக்கலாம் என்ற சந்தேகத்தையும் காதோடு சொன்னார்.

விஷயத்தை ஏட்டு ஒப்பித்தார். வீட்டு ஏ.சி. ரிப்பேராகி நாளாகிறது. அச்சகக்காரர் ராத்திரி சாப்பிட்டதும் ஷெட்டுக்கு வந்து, காரை ஸ்டார்ட் செய்து, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு பாட்டுக் கேட்பார். ஷட்டர் எப்போதும் திறந்திருக்கும். நேற்று யாரோ அதை இறக்கிவிட்டிருக்கிறார்கள். புகைக்குழாயில் ஓட்டை. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு பல வாரமாக எச்சரித்துக்கொண்டிருக்க, மனிதர் அது கண்ணை உறுத்துகிறது என்று அதன் மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார்!

இன்ஸ்பெக்டருக்கு அந்த மனிதர் மேல் திடீரென்று பாசம் வந்தது. அவளும் நேற்று கடையில் ஸ்டிக்கர் விலை கேட்டிருந்தாள்.

வீட்டில் இரண்டே பேர். அச்சகக்காரரின் மனைவி. அச்சகக்காரரின் தம்பி.

தம்பிதான் காலையில் பார்த்தவன். அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறான், வீட்டில் கார். எஞ்சின் சத்தம் கேட்டு ஷட்டரைத் தூக்கினானாம். கண்ணாடி வழியே அண்ணனைப் பார்த்ததும் கை கால் ஓடாமல் தெருவுக்கு ஓடிப் போலீசுக்குப் போன் செய்தானாம். கார்க் கதவைத் தொடவே இல்லையாம்.

"புகைக்குழாயை மாத்துண்ணா மாத்துண்ணான்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன் மேடம். கேக்கலையே..."

அழுதான். ஆனால் செத்தவரைத் தவிர, ஓட்டை இருப்பது தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்பதும் அந்த அழுகையோடு சேர்ந்து வெளியே வந்தது.

வீட்டைப் பிரிப்பதில் அண்ணன் தம்பிக்குள் போன வாரம் பெரிய வாக்குவாதம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அண்ணி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். தான் மாடியில் தூங்கியதாகவும், போலீஸ் வந்த பிறகுதான் கீழே இறங்கியதாகவும் சொன்னாள். அந்த மாடிப்படிக்கு அடியிலிருந்து ஷெட்டுக்குள் போக ஒரு கதவு இருந்தது. அதைப் பற்றிக் கேட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கும் காருக்கும் ஆகாதுங்க. பின் சீட்டுல உக்காந்து போவேன், வருவேன். அதுல இருக்கிற பட்டன் ஒண்ணைக்கூட நான் தொட்டதில்ல. எல்லாம் எங்க தம்பிக்குத்தான் தெரியும்." பிறகு இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "அவனை ஒண்ணும் செஞ்சிடாதீங்க. கோவத்துல ஏதாச்சும் செஞ்சிருந்தாக்கூட, அவன் எனக்குப் பிள்ளை மாதிரி."

தம்பி அண்ணியின் காலடியில் உட்கார்ந்து விம்மினான்.

*

மேலதிகாரி போனில் வந்தார். அவருக்கு எதுவும் சட்டுப்புட்டென்று முடிய வேண்டும். ஓட்டை தெரிந்தவன் தம்பி. சண்டை போட்டவன் தம்பி. பிணத்தைப் பார்த்தவன் தம்பி. கார் முழுக்க அவனுடைய கைரேகை. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார்.

"கார் ஓட்டறவனே அவன்தானே சார்? அவன் கைரேகை இல்லாம வேற யாரோடது இருக்கும்?"

"சாயங்காலத்துக்குள்ள அவனைக் கொண்டுவந்து உள்ள வைங்க. இல்லைன்னா கேஸை வேற ஆளுக்கு மாத்திடறேன்."

டொக்!

எரிச்சல் தலைக்கேறியது. காலையிலிருந்து எல்லாருக்கும் எல்லாம் தெரிகிறது, அவளுக்கு மட்டும்தான் எதுவும் தெரியவில்லை. தம்பி கொலைகாரன் இல்லை என்று உள்ளுக்குள் ஏதோ சொன்னது. ஆனால் உள்ளுக்குள் சொல்வதைக் கோர்ட் கேட்காது. அந்தப் பையனுடைய கழுத்து இப்போது அவள் கையில்.

ஏட்டு எடுத்த போட்டோக்களைச் செல்போனில் தள்ளிக்கொண்டே வந்தாள். எஞ்சினை நிறுத்துவதற்கு முன், கதவைத் திறந்தவுடன் எடுத்தவை. அச்சகக்காரரின் கை. சீட். டேஷ்போர்டு. ஸ்டிக்கர். ஏ.சி. பட்டன்கள்...

விரல் நின்றது.

ஓர் ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பட்டனில் மூன்று நெளிந்த அம்புகள்!

பின் கண்ணாடி. கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும், அது அப்படித்தான். டை கட்டிய குரல் காதுக்குள் பேசியது. ராத்திரியே செத்த மனிதர் அமுக்கிய பட்டன் காலையில் எப்படி எரியும்? போலீஸ் வருவதற்குச் சற்று முன்னால் யாரோ காருக்குள் கையை விட்டிருக்கிறார்கள்!

பக்கத்துப் பட்டனைப் பார்த்தாள். கார் படத்துக்குள் வளைந்த அம்பு. அதில் விளக்கு இல்லை. வெளிக்காற்று தாராளமாக உள்ளே வந்துகொண்டிருந்திருக்கிறது.

தம்பியைக் கூப்பிட்டாள்.

"உங்க அண்ணன் ஏ.சி.யை எப்படிப் போடுவாரு?"

"வெளிக்காத்து பட்டன்ல மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது மேடம். தூசி பட்டா அண்ணனுக்கு இழுப்பு வந்துடும். எப்பவும் அடைச்சேதான் வெச்சிருப்பாரு. வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

ஆக, ராத்திரி அதைத் திறந்துவிட்ட கை, காலையில் தடயம் தெரியாமல் பழையபடி அடைத்து வைக்க வந்திருக்கிறது. அவசரத்தில் தப்பான பட்டனை அமுக்கியிருக்கிறது. ஆரஞ்சு விளக்கைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று திருப்தியோடு திரும்பிவிட்டது. அச்சு அசலாக, தினமும் ரோட்டில் இன்ஸ்பெக்டர் செய்கிற அதே தப்பு!

ஏட்டுக்கு முகம் மலர்ந்தது. "அப்ப தம்பிதான் மேடம். காலையில ஷெட்டுக்குள்ள வந்தவன் அவன்தானே?"

இன்ஸ்பெக்டர் கைரேகை நிபுணருக்குப் போன் செய்து, கொஞ்ச நேரம் பேசினாள். என்ன பேசினாள் என்பதை அவளே சொல்லட்டும்.

பிறகு தெருவுக்குப் போய்த் தன் காரின் டேஷ்போர்டைக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். தூசியாம்!

*

ஸ்டேஷன் ஜீப் ரிப்பேர். ஆகவே அவளுடைய கார்தான். பின் சீட்டில் விலங்கு மாட்டிய தம்பி, பக்கத்தில் ஏட்டு. முன் சீட்டில் அண்ணி. உடலை வாங்க ஆஸ்பத்திரியில் அவள் கையெழுத்துப் போட வேண்டும்.

சிவப்பு ஆச்சரியக்குறி வழக்கம்போல் எரிந்தது. கார் வழக்கம்போல் முனகிக்கொண்டு நகர்ந்தது.

பெரிய ரோட்டில் ஒரு லாரி முன்னால் வந்து சேர்ந்தது. கரும்புகை! இன்ஸ்பெக்டர் வேண்டுமென்றே அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போனாள். ஏட்டு இருமினார். அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"அம்மா, வெளிக்காத்து வராம இருக்க ஒரு பட்டன் இருக்கு. கொஞ்சம் அமுக்குங்களேன். எனக்குக் கை ஒழியல."

அண்ணியின் கை நீண்டது. தயங்கவில்லை, தேடவில்லை. நேராகப் போய் ஒரு பட்டனை அமுக்கியது.

ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

மூன்று அம்புகள்...

புகை வந்துகொண்டே இருந்தது. பின்னாலிருந்து தம்பி பொறுக்க முடியாமல் எட்டிப் பார்த்தான்.

"அண்ணி, அது இல்ல. அது பின் கண்ணாடிக்கு. பக்கத்துல இருக்கிறதை அமுக்குங்க."

"சும்மா இருடா. எனக்குத் தெரியாதா? இதை அமுக்கினாத்தான் லைட்டு வருது. காலையிலயும் இதைத்தானே..."

நிறுத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் காரை ஓரம் கட்டினாள். எஞ்சினை அணைத்தாள். லாரி போய்விட்டது.

"காலையிலயா? பட்டன் ஒண்ணைக்கூடத் தொட்டதில்லன்னு சொன்னீங்களேம்மா."

"ஏதோ... வாய் தவறி..."

"உங்க கார்ல இந்த பட்டன்ல மட்டும் ஒரு புது கைரேகை இருக்கு. உங்க வீட்டுக்காரரோடது இல்ல, தம்பியோடதும் இல்ல. நிபுணர் போன்ல சொன்னாரு. யாரோடதுன்னு பார்க்க எனக்கு ஒரு ரேகை வேண்டியிருந்தது. இப்ப நீங்களே வெச்சுட்டீங்க. நல்லா துடைச்ச இடத்துல."

அண்ணி அந்தப் பட்டனையே வெறித்தாள். பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது.

"லைட்டு எரிஞ்சுதே! அடைச்சாச்சுன்னுதானே அர்த்தம்? வேற எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?"

எல்லாம் கொட்டியது. வாக்குவாதம் முடிந்து, பாதி வீட்டைத் தம்பி பேருக்கு எழுதிக் கொடுக்க அச்சகக்காரர் சம்மதித்துவிட்டார். அடுத்த வாரம் பதிவு. புருஷன் போய்ச் சேர்ந்து, தம்பி ஜெயிலுக்குப் போனால் வீடு முழுசாக அவளுடையது. புகைக்குழாய் ஓட்டையைப் பற்றி அண்ணன் தம்பி பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்திருந்தது. பாலில் மாத்திரை. பிறகு ஷட்டர். பிறகு பட்டன். ராத்திரி நிதானமாகத் தேடிச் சரியாகத் திறந்துவிட்டவள், காலையில் தம்பி தெருவுக்கு ஓடிய நேரத்தில் மாடிப்படிக் கதவு வழியே வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கை விட்டபோதுதான் தவறியிருக்கிறாள்.

தம்பி நம்ப முடியாமல் பார்த்தான்.

"காலையில எனக்காக மேடம் கையைப் பிடிச்சு அழுதீங்களே அண்ணி..."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். விலங்கு சிணுங்கியது. ஒரே நாளில் அண்ணனையும் அண்ணியையும் பறிகொடுத்தவன். இன்ஸ்பெக்டர் விலங்குச் சாவியை ஏட்டிடம் நீட்டினாள்.

விலங்கு கை மாறியது. இப்போது அண்ணி பின் சீட்டில் ஏட்டோடு. தம்பி முன்னால்.

மேலதிகாரிக்கு விஷயத்தைச் சொன்னாள். எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது என்றார்!

காரைக் கிளப்பினாள். சிவப்பு ஆச்சரியக்குறி. முனகல். கருகல் வாடை.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு டேஷ்போர்டையே பார்த்தான்.

"மேடம்... இந்த லைட்டு..."

"அதை மட்டும் கேக்காதீங்க. மூணு வாட்டி சர்வீஸுக்கு விட்டாச்சு."

அவன் இரண்டு சீட்டுக்கும் நடுவே கையை விட்டு, பாதியில் நின்றிருந்த ஹேண்ட்பிரேக்கை முழுசாக இறக்கிவிட்டான்.

சிவப்பு விளக்கு அணைந்தது. கார் துள்ளிக்கொண்டு பாய்ந்தது!

கண்ணாடியில் ஏட்டின் மீசை துடிப்பது தெரிந்தது.

"மேடம், ரிப்போர்ட்ல எல்லாத்தையும் எழுதிடவா?"

"பட்டன் வரைக்கும் எழுதுங்க, ஏட்டு. பிரேக்குக்கு வந்ததும் நிறுத்திக்கங்க!"