பின்னறை ஸ்பீக்கர்

அறுபத்தொன்றாம் வருஷம், பங்குனி வெயிலில், தைரியநாதனும் அருள்ராணியும் புதுக்கோட்டையில் ஆத்மநாதனின் வீட்டுப் பின்பக்கம் குடிவந்தார்கள். கல்யாணமான புதிது. ஒரே அறை. கட்டிலைப் போட்டால் நடக்க இடமில்லை. அடுப்பு கதவோரத்தில் இருந்தது. தைரியநாதன் லாரி புக்கிங் ஆபீஸில் குமாஸ்தா. காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவான். ஆவூரில் பேச்சும் சிரிப்பும் ஓயாத வீட்டில் வளர்ந்த அருள்ராணிக்குப் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது தாங்கவில்லை.

ரேடியோ வாங்க வசதியில்லை. ஆத்மநாதன்தான் வழி சொன்னார். "ஸ்பீக்கர் மட்டும் ஒண்ணு வாங்கிக்கங்க தம்பி. என் ரேடியோவுலேருந்து ஒயர் இழுத்துக்கலாம். நான் போடுறப்ப உங்களுக்கும் பாடும்."

கீழராஜ வீதியில் ராக்கனின் ரிப்பேர் கடையில் மூன்று பழைய ஸ்பீக்கர்கள் இருந்தன. முதலாவதை வீட்டில் வைத்தால் கட்டிலை வெளியே போட வேண்டியதுதான். இரண்டாவது அளவாக இருந்தது. பாட்டைப் போட்டதும் ஈரத்துணியைக் கிழிப்பது போல அதிர்ந்தது. மூன்றாவது எல்லாவற்றையும்விடச் சின்னது. தேக்குப் பலகை, முகத்தில் பழுப்பேறிய துணி. ராக்கன் ஒயரைச் சொருகினான். பாடியவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

"மத்ததுல பாட்டுதான் கேக்குது. இதுல அவங்க மூச்சு விடுறதும் கேக்குதுங்க," என்றாள் அருள்ராணி.

"சின்ன ரூமுக்கு இதுதான் தோது. வெலையும் கம்மி," என்றான் ராக்கன்.

"இது மட்டும் ஏன் கம்மி?" என்று கேட்டான் தைரியநாதன்.

"ரொம்ப நாளா சும்மா கெடக்குது. எடுத்துட்டுப் போங்க." ராக்கன் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் பழைய பேப்பரில் அதைச் சுற்றினான்.

கட்டிலின் தலைமாட்டில், சுவரில் ஆணியடித்து மாட்டினார்கள். நாலைந்து நாள் அருள்ராணிக்குத் திருவிழாதான். நாயனம் கேட்டுக்கொண்டே அரிசி களைந்தாள். செய்தி வாசிப்பவரோடு சேர்ந்து தானும் வாசித்தாள்.

அப்புறம் ஒரு மத்தியானம். ஆத்மநாதன் குடும்பத்தோடு திருவரங்குளம் கோவிலுக்குப் போயிருந்தார். முன்வீடு பூட்டிக் கிடந்தது. தெருவில் காக்கைச் சத்தம்கூட இல்லை. படுத்திருந்த அருள்ராணிக்குத் திடீரென்று வேப்பிலை வாடை வந்தது. பழைய, காய்ந்த வேப்பிலை.

தலைக்குமேல் யாரோ மூச்சு விட்டார்கள்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

"தண்ணி..."

உதடு ஒட்டிப்போன பெண்குரல். அருள்ராணி ஸ்பீக்கரின் ஒயரைப் பிடுங்கினாள்.

"பூட்டாதீங்க... ஒரு வாய் தண்ணி..."

ஓடிப்போய்ச் சந்தில் நின்றாள். ஆனால் அந்தக் குரல் மிரட்டவில்லை, கெஞ்சியது. அதைக் கேட்டுவிட்டு வெளியே நிற்க அவளால் முடியவில்லை. திரும்பி வந்து, ஒரு டம்ளரில் தண்ணீர் மொண்டு ஸ்பீக்கருக்குக் கீழே வைத்துவிட்டு ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டாள். குரல் அடங்கியது. சாயங்காலம் பார்த்தபோது டம்ளர் காய்ந்து கிடந்தது.

தைரியநாதன் முதலில் சிரித்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது அவனும் அந்தக் குரலைக் கேட்டான். சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு நேரே ராக்கன் வீட்டுக்குப் போனான்.

ராக்கன் எழுந்து தெருக்கதவைச் சாத்தினான். பிறகு சொன்னான்: "ஒரு பெரிய வீட்டுலேருந்து வந்ததுங்க. அந்த வீட்டு மருமக, செவந்தின்னு பேரு, பெரியம்மை போட்டுப் பின்னறையில கெடந்துச்சு. வெளியில பூட்டிட்டாங்க. பாட்டுக் கேட்டுக்கிட்டுக் கெடக்கட்டும்னு இதை மாட்டியிருக்காங்க. ஸ்பீக்கருக்கு வாயும் அதான், காதும் அதான். அந்தப் புள்ள இதுகிட்ட வாயை வச்சுத் தண்ணி கேட்டா, கூடத்து ரேடியோவுல லேசாக் கேக்கும். தொந்தரவா இருக்குன்னு புருசங்காரன் ஒயரைப் பிடுங்கிட்டான்."

"பொறவு?"

"பொறவென்ன. கதவைத் தொறந்தப்ப பொணமாக் கெடந்துச்சு. இதை நான் திருப்பி எடுக்க மாட்டேங்க."

வீட்டுக்கு வந்த தைரியநாதன், ஸ்பீக்கருக்குக் கீழே மறுபடி தண்ணீர் வைத்திருப்பதைக் கண்டான். டம்ளரைக் காலால் எற்றினான்.

"பேய்க்கா சோறு தண்ணி வச்சுக்கிட்டுக் குடும்பம் நடத்துறே?"

"பாவங்க அது."

அவன் கட்டிலில் ஏறினான். பிடுங்கிக் கிடந்த ஒயரை மறுபடி சொருகினான். ரேடியோ பாடினால் குரல் கேட்காது என்பது அவன் கணக்கு. முன்வீட்டிலிருந்து பாட்டு வந்தது. குரலும் நின்றது.

அந்த வாரத்திலேயே அருள்ராணிக்குக் காய்ச்சல் கண்டது. நெற்றியில் முத்து முத்தாகக் கொப்புளம் கிளம்பியதும் தைரியநாதன் பாயைச் சுருட்டிக்கொண்டு முன்வீட்டுக் கூடத்துக்குப் போய்விட்டான். "டாக்டரைக் கூட்டியாறேன்," என்று சொல்லி வெளியே நாதாங்கி போட்டான். ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பினால் வீடு முழுக்க மருந்தடிப்பார்கள், ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும் என்று ஆத்மநாதன் தடுத்தார். அவனும் மறுத்துப் பேசவில்லை. உள்ளே ஒரு குடம் தண்ணீர் இருந்தது, கதவோரத்தில். அவளால் கட்டிலைவிட்டு இறங்க முடியவில்லை.

மூன்றாம் நாள் முன்வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இலை போட்டார்கள். ரேடியோவை நிறுத்தியிருந்தார்கள்.

ரேடியோ பேசியது.

"ஏங்க..."

பரிமாறிய கை நின்றது.

"ஏங்க... கதவோரத்துலதாங்க இருக்கு... கொஞ்சம் எடுத்துக் குடுங்க..."

ஆத்மநாதனின் மனைவி காதைப் பொத்திக்கொண்டாள். ஆத்மநாதன் இலையைப் பார்த்தபடியே சொன்னார்: "எதாச்சும் பண்ணுங்க தம்பி. சோறு எறங்க மாட்டேங்குது."

தைரியநாதன் எழுந்தான். கொல்லைக் கதவு திறந்துதான் இருந்தது. அதைத் தாண்டினால் அவள் அறை. அவன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

பிறகு ரேடியோவின் பின்னால் கையை விட்டு ஒயரைப் பிடுங்கினான்.

திரும்பி வந்து உட்கார்ந்து, ரசம் ஊற்றச் சொன்னான்.

மறுநாள் கதவைத் திறந்தபோது அருள்ராணி கட்டிலில் முழங்காலிட்டு, சுவரில் சாய்ந்தபடியே விறைத்திருந்தாள். உதடு ஸ்பீக்கர் துணியோடு ஒட்டியிருந்தது. பிய்த்துத்தான் எடுத்தார்கள்.

ஸ்பீக்கரைத் தைரியநாதனே கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் கொண்டுபோய் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்தான். சாம்பலாகும்வரை நின்று பார்த்தான். வீட்டைக் காலிசெய்து, ஆபீஸ் மாடியிலேயே தங்கிக்கொண்டான். ஆடியில் வேறு பெண் பார்க்கச் சொல்லி ஊருக்குத் தகவல் அனுப்பினான்.

பெண் கிடைத்துவிட்டதாகச் செய்தி வந்த அன்று, மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், ஆபீஸில் டெலிபோன் மணி அடித்தது. எடுத்தான்.

இரண்டு பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஒயரைப் பிடுங்கினது எங்க வீட்டுக்காரரு," என்றது ஒரு வறண்ட குரல்.

"எனக்கும் எங்க வீட்டுக்காரருதாங்க்கா," என்றாள் அருள்ராணி.

இருவரும் மெல்லச் சிரித்தார்கள். தைரியநாதன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். எவ்வளவு நேரம் அடக்க முடியும்? விட்டுவிட்டான்.

சிரிப்பு நின்றது.

"அக்கா... கேட்டுக்கிட்டு இருக்காரு."

"தண்ணி வேணுமான்னு கேளு."

தைரியநாதன் ரிசீவரை வைத்துவிட்டான்.

வைத்த பிறகுதான் அருள்ராணி கேட்டாள்: "தண்ணி வேணுமாங்க?"