சேற்றில் சிக்கிய சால்மன் குஞ்சுகள்

ஆறு இரண்டடி தள்ளித்தான் ஓடியது. ஆனாலும் மூன்று சால்மன் குஞ்சுகள் சேற்றிலிருந்த ஒரு குழிக்குள் மாட்டிக்கொண்டு துடித்தன.

கௌரி அவற்றை அள்ளி ஆற்றில் விட்டாள். "இதுகள் ஏன் தண்ணியோட திரும்பிப் போகேல்லை?"

லண்டனில், தோர்ண்டன் ஹீத்துக்குப் பக்கத்தில், அந்தச் சின்ன ஆற்றின் கரையைச் சரித்து ஈரநிலம் ஆக்கியிருந்தார்கள். ஆற்றின் வேகத்தில் நீந்தினால் விரல் நீளக் குஞ்சுகள் களைத்துப்போகும். ஈரநிலத்தில் தண்ணீர் மெதுவாக நகரும். தின்னப் பூச்சிகளும் கிடைக்கும். மழை பெய்தால் ஆறு ஏறி அங்கே பரவும், குஞ்சுகளும் கூடவே வரும். தண்ணீர் வடியும்போது அவை திரும்ப வேண்டும். பாதிதான் திரும்பின.

"இப்பிடியே செத்தால், குஞ்சு வளத்து ஆத்திலை விடுறவை மிச்சக் குஞ்சுகளை இஞ்சை விடமாட்டினம். வேறை ஆத்துக்குக் கொண்டுபோயிடுவினம்," என்றார் அப்பா பாலேந்திரா. சனிக்கிழமைதோறும் அங்கே நாணல் நடும் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

"நாரைதான் குழி தோண்டுது," என்றாள் கௌரியின் தோழி இம்மாகுலேற்.

"நாரை என்ன, மண்வெட்டியோ வைச்சிருக்கு?" என்று கேட்டாள் கௌரி.

அவள் குனிந்து பார்த்தாள். குழிகள் எல்லாம் ஒரே வடிவம். முன்பக்கம் அகலம், பின்பக்கம் ஒடுக்கம். இடம், வலம், இடம், வலம் என்று நாணல்வரை வரிசையாகப் போயின.

"அப்பா, இந்தக் குழிக்குள்ளை காலை வையுங்கோ."

"ஏன் பிள்ளை?"

"சும்மா வையுங்கோவன்."

அப்பாவின் ரப்பர் பூட்ஸ் 'ப்ளக்' என்று கச்சிதமாகப் பொருந்தியது.

இம்மாகுலேற் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, நீங்கள்தானா அந்த நாரை!"

அப்பாவின் முகம் சிவந்தது. "மீனைக் காப்பாத்த வந்து, நானே பொறி வைச்சிருக்கிறன்!"

"நீங்கள் மட்டுமில்லை அப்பா, நாணல் நடுற எல்லாற்றை காலும்தான். தண்ணி வடியேக்கை மீன் ஆழமான இடம் தேடிப் போகும். கால் பதிஞ்ச பள்ளம்தான் ஆழம். பிறகு சுத்திவரக் காய்ஞ்சிடும். வெளியிலை வர ஏலாது."

"அதுக்காக நாணல் நடாமல் விடேலுமோ? பறந்து போய் நடுறதோ?"

கௌரி யோசித்தாள். "பலகை போடுவம். ஒரு காலிலை இறங்கிற பாரம் பலகை முழுக்கப் பரவும். ஆழமாப் புதையாது."

அன்று மாலைவரை எல்லோரும் மண் இழுக்கும் வாரியால் குழிகளை மூடி, சேற்றை ஆற்றுப் பக்கம் சரிவாக இழுத்துவிட்டார்கள். நடப்பதற்கு அகலமான பலகைகளைப் போட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மழை கொட்டியது. வெள்ளிக்கிழமை தண்ணீர் வடிந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் கௌரி பலகைமேல் நடந்து சேறு முழுவதையும் தேடினாள். சிக்கிய மீன் ஒன்றுகூட இல்லை. சேற்றில் பள்ளம் இல்லாததால், தண்ணீர் சரிவில் வழிந்து ஆற்றுக்குப் போயிருந்தது. குஞ்சுகளும் அதனோடு போயிருந்தன.