0310-க்கு எடுத்த சாவி

காலை 10.30.

சரிபார்ப்பதற்காக வாங்கிப் பூட்டி வைத்த அலமாரியில் எட்டு லாக்புக் இருக்க வேண்டும். ஏழுதான் இருந்தன.

காணாமல் போனது கேப்டன் துர்காதேவியுடையது. பதினான்கு வருடத்தில் அவள் பறந்த ஏழாயிரத்துச் சொச்சம் மணி நேரமும் அந்தக் கருப்பு அட்டைப் புத்தகத்துக்குள்தான் இருந்தது.

காலை 11.30.

மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டுக்குள் எஸ்.ஐ. அன்பரசி நுழைந்தபோது ஒரு பேனர் வரவேற்றது: ‘சிறகுகள் மாறும், குடும்பம் மாறாது.’ குடும்பத்தின் கதை இது: விமானக் கம்பெனி, விசிறி வைத்த சின்ன விமானங்களைக் கழித்துக் கட்டிவிட்டு ஜெட் வாங்குகிறது. ஜெட் ஓட்ட வேண்டுமென்றால் புதிதாகப் படித்துத் தேற வேண்டும். விமானிகள் இருபத்தாறு பேர்; எல்லோரையும் இந்த ரிசார்ட்டுக்குக் கூட்டியிருந்தார்கள். படிப்பதற்கு இடம் எட்டு. மிச்சப் பதினெட்டுப் பேருக்குக் கம்பெனி மனமார்ந்த நல்வாழ்த்துகளை ஈமெயிலில் அனுப்பிவிட்டது.

“லாக்புக் ஒரிஜினல் நாலு மணிக்குள்ள இல்லைன்னா, இடம் ஒன்பதாவது ஆளுக்குப் போயிடும்” என்றாள் துர்காதேவி. “பறந்த மணிக்கணக்குதான் வரிசை. நான் எட்டாவது.”

“கம்ப்யூட்டர்ல இருக்காதா மேடம்?”

“இருக்கு. ஆனா கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்ட புஸ்தகம்தான் வேணும். முப்பத்தெட்டு வயசு எனக்கு. ஓட்டுற பிளேனே இல்லாத பைலட்டை எவன் வேலைக்கு வெச்சுப்பான்?”

பயிற்சித் தலைவர் கேப்டன் தமிழ்வாணன் வந்தார். ஏழெட்டு வருடமாக மேஜைக்குப் பின்னால்தான் உத்தியோகம்; தோளில் நாலு தங்கப் பட்டை மட்டும் தினமும் டியூட்டிக்கு வந்துவிடும். “மணி என்ன சார்?” என்று அன்பரசி கேட்டாள். மணிக்கட்டில் தோசைக்கல் மாதிரி இருந்த கடிகாரத்தைப் பார்த்து, ஒரு கணம் உதட்டை அசைத்துவிட்டு, “பதினொன்றரை” என்றார். சின்ன முள் ஆறிலும் பெரிய முள் பன்னிரண்டிலும் நின்றன. இவ்வளவு பெரிய வாட்ச், பேட்டரி போட ஆளில்லை போலிருக்கிறது என்று அன்பரசி நினைத்துக்கொண்டாள்.

“வாட்ச்மேன்தான் மேடம். பழைய பேப்பர் கடையில் போட்டிருப்பான். இதற்கு விசாரணை எதற்கு?”

“ஒன்பதாவது ஆள் யாரு சார்?”

“அது கம்பெனி ரகசியம்.”

மதியம் 12.15.

அலமாரிச் சாவி செக்யூரிட்டி மேஜையில் தொங்கும். எடுப்பவர் நோட்டில் எழுத வேண்டும். அன்றைய தேதியில், காலை 10.30-க்கு முன்னால் ஒரே பதிவுதான். இங்கிலீஷில் ‘ஹவுஸ்கீப்பிங்’, பக்கத்தில் 0310.

ராத்திரி மூன்று பத்து. ராத்திரி டியூட்டி ஏசுதாஸ். தூக்கத்திலிருந்து எழுப்பி, லுங்கியோடு கூட்டி வந்திருந்தார்கள்.

“இன்னா அண்ணாத்த, மூணு மணிக்கு யாரு வந்தது?”

“கொசு வந்துச்சு மேடம். வேற ஒரு ஜீவன் வரல. நா எழுதுனா ‘மணி’ன்னு போடுவேன். இது இன்னாது, செல் நம்பர் மாரி நாலு நம்பரு ஒட்டினுகீது?”

“நீ போயாச்சுன்னா யாரு?”

“ஆறு மணிக்கு சாம் வந்துட்டான். நா வூட்டுக்குப் பூட்டேன்.”

பகல் டியூட்டி சாம் பக்கத்திலேயே நின்றான். “நா நவுரவே இல்ல மேடம். எட்டரைக்கு மட்டும் பீச்சாண்ட போட்டோ எடுக்க நாற்காலி தூக்கச் சொன்னாங்கோ. கால் மணி நேரம். வந்து பாத்தேன், சாவி மாட்டினுதான் இருந்துச்சு. நோட்டுல பேர் இருந்துச்சு. நைட்டு போல, நமக்கு இன்னான்னு வுட்டுட்டேன்.”

துர்காதேவி தன் போனில் அந்தப் போட்டோவைக் காட்டினாள். எட்டு நாற்பத்தொன்று. கடலுக்கு முதுகு காட்டி விமானிகள் வரிசையாக நின்றார்கள். நடுவில் வெள்ளைத் துணி போட்ட நாற்காலி காலி.

“இது யாருக்கு?”

“தலைவர் சாருக்கு. ரூம்ல போன் பேசிட்டிருந்தாராம். லேட்டா வந்தார். அவருக்காக இன்னொரு தடவை எடுத்தோம்.”

மதியம் 1.00.

துர்காதேவி மணலில் உட்கார்ந்திருந்தாள். அன்பரசி பக்கத்தில் போய் நின்றாள்.

“முதல் பக்கம், முதல் வரி எனக்கு மனப்பாடம்” என்றாள் துர்காதேவி. “கிளம்பினது 0120. வெயில் நேரா கண்ணுல அடிச்சுது. கண்ணாடி எடுத்துட்டுப் போகல.”

“ராத்திரி ஒண்ணே இருபதுக்கு வெயிலா மேடம்?”

துர்காதேவி பதில் சொன்னாள். அன்பரசி போய்ச் செக்யூரிட்டி நோட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தாள். டெல்லி ஆபீசுக்குப் போன் போட்டு, கம்பெனி ரகசியத்தைக் கேட்டு வாங்கினாள்.

பிற்பகல் 3.10.

பேனருக்குக் கீழே எல்லோரையும் நிற்க வைத்தாள்.

“வாட்ச்மேன் ராத்திரி மூணு பத்துக்கு எழுதல. எழுதினது காலைல எட்டு நாற்பதுக்கு. பைலட்டுங்க லாக்புக்ல நம்ம நேரம் எழுத மாட்டாங்க. உலகப் பொது நேரம், நமக்கு அஞ்சரை மணி பின்னால. எட்டு நாற்பதுல அஞ்சரையைக் கழிங்க. சாவி சும்மா காணாமப் போனா சாம் தேடுவான்னு பேரை மாத்தி எழுதின மூளை, நேரத்தை மாத்த மறந்துடுச்சு. வாட்ச்சைப் பார்த்துச்சு, பழக்கத்துல அப்படியே எழுதிடுச்சு.”

“இங்கே இருபத்தாறு பேரும் பைலட்தான்!” என்றார் தமிழ்வாணன்.

“இருபத்தஞ்சு பேர் போட்டோல இருக்காங்க சார். போட்டோன்னா கல்யாண வீட்டுலயும் நடுவுல நிக்கிற நீங்க மட்டும் இல்ல. பதினொன்றரைக்கு உங்க வாட்ச் ஆறு காட்டுச்சு. நின்னுபோச்சுன்னு நினைச்சேன். சரியா ஓடிட்டிருக்கு. விசிறி பிளேனே இல்லாதப்ப அதுக்கு எதுக்குப் பயிற்சித் தலைவர், நீங்களும் வரிசையில நில்லுங்கன்னு போன வாரம் டெல்லி சொல்லிடுச்சு. மேஜைல உட்கார்ந்த வருஷத்தைப் பறந்த கணக்குல சேர்க்கல. ஒன்பதாவது ஆள் நீங்க.”

லாக்புக் அவர் அறை லாக்கரில், துண்டில் சுற்றி இருந்தது.

“கிழிச்சுக் கடல்ல போடத்தான் எடுத்தேன்” என்றார். முதல் தடவையாகச் சாதாரணக் குரல். “முடியல. நானும் இதுமாதிரி மூணு புஸ்தகம் எழுதியிருக்கேன்.”

பிற்பகல் 3.30.

புத்தகத்தை அணைத்துக்கொண்டு சரிபார்க்கும் மேஜைக்கு ஓடிய துர்காதேவி பாதி வழியில் நின்றாள். இருபத்தாறு போனும் ஒரே சமயத்தில் கிணுகிணுத்தன.

டெல்லி ஈமெயில். ஜெட் வாங்குவது ஒத்திவைப்பு. அதுவரை வெளிநாட்டு விமானங்கள் வாடகைக்கு வரும். விமானிகளும் அவற்றோடேயே வருவார்கள். பயிற்சி ரத்து. குடும்பத்தின் அனைத்து உறுப்பினர்களுக்கும் நல்வாழ்த்துகள்.

“இன்னா மேடம், பொஸ்தவம்தான் கெடச்சிச்சே” என்றார் ஏசுதாஸ். “மூஞ்சி ஏன் தொங்கிப்போச்சு?”

துர்காதேவி கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். பாதிக்கு மேல் காலி வரிகள்.

போலீஸ் ஜீப்பின் பின்சீட்டிலிருந்து தமிழ்வாணன் எட்டிப் பார்த்தார். “மெயில் எத்தனை மணிக்கு வந்தது?”

“உங்க வாட்ச்லயா சார், எங்க வாட்ச்லயா?” என்றாள் அன்பரசி.