ராஜாவின் கயிறு

அன்று மத்தியானம் லேடி கென்ட் என்ற பழைய போர்க்கப்பலில் இருந்தவர்கள்: பதினொரு வயது ஹெஸ்டர். அவள் அப்பா ஏபெல், கப்பலின் கயிறுகளுக்கும் பாய்களுக்கும் பொறுப்பானவர். ஒற்றைக் கைச் சமையல்காரர் காலெப். துறைமுகத்தின் புதுக் காவலர் ஸ்லீத். அப்புறம் ஒரு கோழி.

கோழி மேல் மட்டும்தான் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஸ்லீத் ஒரு கயிற்றுத் துண்டை மேல்தளத்தில் தூக்கிப் போட்டார். தார் பூசிய கறுப்புக் கயிறு. தொப்பென்று விழுந்தது.

"மீன்காரன் படகுல கிடந்துச்சு. முனையைப் பிரிச்சுப் பாத்தேன். உள்ள சாய நூல் ஓடுது."

ராஜாவின் கப்பற்படைக் கயிறு திரிக்கும்போது நடுவில் ஒரு சாய நூலையும் சேர்த்துத் திரிப்பார்கள். யாராவது திருடினால் அந்த நூல் காட்டிக் கொடுத்துவிடும்.

"அந்தப் படகு தினம் உங்க கப்பலை உரசிட்டுதான் போகுது. கயித்து அறைச் சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்டதான்" என்றார் அப்பா.

"அப்ப இதுவும் உமக்குத்தான்." ஸ்லீத் அப்பாவின் கையில் விலங்கை மாட்டினார்.

ஹெஸ்டர் விலங்கைப் பார்த்தாள். ராஜாவின் கயிற்றைத் திருடினால் சிறை. அப்பா சிறைக்குப் போனால் அவளும் அம்மாவும் கப்பலில் இருக்க முடியாது. சந்தைக்குப் போன அம்மா திரும்பி வரும்போது வீடே இருக்காது. ஹெஸ்டர் பிறந்தது இந்தக் கப்பலில். முன்பு பீரங்கி நின்ற இடத்தில்தான் இப்போது அவள் படுக்கை.

அப்பா விலங்கு மாட்டிய கையோடு திரும்பினார். காலெப்பை முறைத்தார். காலெப் அப்பாவை முறைத்தார். இருவரும் கயிற்றின் பக்கம் திரும்பவே இல்லை.

அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஹெஸ்டருக்குத் தெரியும். அவளுக்கே இருவர் மேலும் சந்தேகம் இருந்தது. காலெப் அடிக்கடி துணி மூடிய கூடையோடு கரைக்குப் போகிறார். அப்பா மதியச் சாப்பாடு முடிந்ததும் கயிற்று அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறார்.

மனசுக்குள் வைத்துக்கொண்டு புழுங்குவதற்கு இது நேரமில்லை.

"காலெப் மாமா, அந்தக் கூடையில என்ன கொண்டு போறீங்க?"

"உனக்கு எதுக்கு அது?"

"அப்பாவை இழுத்துட்டுப் போறாங்க, மாமா."

காலெப்பின் முகம் சிவந்தது. "காலுறை. எல்லாம் ஓட்டை. என் தங்கச்சி தைச்சுக் குடுப்பா. ஒத்தைக் கையை வெச்சுக்கிட்டு நான் எப்படி ஊசி கோக்குறது?"

"காலுறையா!" அப்பா வாயைப் பிளந்தார். "நீ கொண்டு போறது கயிறுன்னு நெனச்சேன்யா. உன்னைக் காட்டிக் குடுக்க வேணாம்னுதான் வாயை மூடிக்கிட்டு நிக்கிறேன்."

"அடப்பாவி, நான் உன்னையில்ல நெனச்சேன்! உள்ள போய்த் தாழ் போட்டுக்கிறியே, எதுக்கு?"

"தூங்குறதுக்கு. கயித்துச் சுருள் மேல படுத்தா மெத்தை மாதிரி இருக்கும்."

"பிரமாதமான கதை" என்றார் ஸ்லீத். "மீதியை நீதிபதிகிட்ட சொல்லு. நட."

ஹெஸ்டர் சட்டென்று மண்டியிட்டுக் கயிற்றின் முனையைப் பிரித்தாள். விரலெல்லாம் தார் ஒட்டியது. கறுப்புப் புரிகளுக்கு நடுவே நூல் தெரிந்தது.

"அப்பா, நூல் நீலமா இருக்கு."

"என்னது, நீலமா?" அப்பா குனிந்தார். காலெப்பும் குனிந்தார். இரண்டு தலைகளும் முட்டிக்கொண்டன.

"நீலமோ பச்சையோ, நூல் நூல்தான்" என்றார் ஸ்லீத்.

"இல்லீங்க ஐயா" என்றாள் ஹெஸ்டர். "கயிறு திரிக்கிற ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறம். நீலம் இந்த ஊரு. எங்க கப்பல் இந்த ஊர்க் கப்பல் இல்ல."

"இங்கதானே நிக்குது?"

"நிக்குது. ஆனா பிறந்தது கென்ட்ல. அந்த ஊர் ஓக் மரத்துல கட்டினாங்க. நாலு சண்டை போட்டுச்சு."

"மூணுதான்" என்றார் அப்பா. "ஒண்ணுல ஓடிட்டோம்."

"ஓடல, பின்வாங்கினோம்" என்றார் காலெப். "கடைசிச் சண்டையில நடுப் பாய்மரமும் என் கையும் சேர்ந்துதான் கடல்ல விழுந்துச்சு."

"ஒவ்வொரு தடவை அடிபட்டப்பவும் பிறந்த ஊருக்குப் போய்த்தான் பழுது பாத்துக்கிச்சு" என்றாள் ஹெஸ்டர். "கயிறும் அங்கதான் வாங்குச்சு. அந்த ஊர் நூல் மஞ்சள். அப்புறம் இதுல கைதிங்களை அடைச்சாங்க. அப்புறம் காய்ச்சல்காரங்களைப் படுக்க வெச்சாங்க. வயசானதும் இங்க இழுத்துட்டு வந்து சங்கிலியில கட்டிட்டாங்க. இந்த ஊர்க் கயிறு ஒரு முழம்கூட இந்தக் கப்பல்ல ஏறல."

ஸ்லீத் கண்ணைச் சுருக்கினார். "பாக்கலாமா?"

எல்லோரும் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். கயிற்று அறையில் சுருள்கள் கூரை வரை அடுக்கி இருந்தன. அப்பா ஒரு சுருளைக் காட்டினார்.

"நீ காட்டுறது வேணாம்." ஸ்லீத் மூலையிலிருந்து ஒன்றை இழுத்துப் பிரித்தார். மஞ்சள். அடியிலிருந்து இன்னொன்றை உருவினார். அதுவும் மஞ்சள்.

அவர் மீசையைக் கடித்துக்கொண்டே சுருளைக் கீழே போட்டார்.

"சரி. இந்தத் துண்டு உங்களோடது இல்ல." விலங்கைக் கழற்றினார். "கரையில கயிறு திரிக்கிற கொட்டகைக்குத்தான் போகணும்."

ஹெஸ்டர் அப்பாவின் மணிக்கட்டைத் தேய்த்துவிட்டாள்.

"ஆனா ஒண்ணு" என்றார் ஸ்லீத். "உங்க மூணு பேர் முகமும் எனக்குப் பிடிக்கல. நடுவுல எங்கேயாவது நீலத்தை ஒளிச்சு வெச்சிருப்பீங்க. எல்லாச் சுருளையும் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் போவேன்."

"எல்லாத்தையுமா?" காலெப் கூரையை அண்ணாந்து பார்த்தார். "பொழுது சாஞ்சிடுமேய்யா!"

"சாயட்டும். நான் இந்தப் பக்கம் பாக்குறப்போ நீங்க அந்தப் பக்கம் உருவிடுவீங்க. எல்லாரும் வெளிய போங்க. வெளியிலேருந்து பூட்டுங்க."

"பூட்டணுமா? நீங்க உள்ள இருக்கிறப்பவா?" என்று கேட்டார் அப்பா.

"ஆமா. பூட்டாம யாரை நம்புறது?"

பாவம், மனிதர் பசியோடு இருப்பார் என்று ஹெஸ்டருக்குத் தோன்றியது. ஓடிப்போய்க் கண்ணாடி விளக்கும் கப்பல் பிஸ்கட் ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தட்டிட்டுச் சாப்பிடுங்க ஐயா. உள்ள வண்டு இருந்தா விழுந்துடும்."

ஸ்லீத் அந்த பிஸ்கட்டையும் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

ஹெஸ்டர் கதவைச் சாத்தினாள். அப்பாவிடமிருந்து சாவியை வாங்கிப் பூட்டி, பூட்டை ஒரு முறை இழுத்தும் பார்த்தாள்.